அலையை விற்கலாம், கரையை விற்கலாமா?

கண்டி எசல பெரஹரா நிறைவெய்தியதும், தலதா மாளிகையைச் சூழவுள்ள விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் அனைவரும் கொழும்புக்குத் திரும்பிவிடுவதில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் முதுகுப் பைகளுடன் கிழக்கு நோக்கிப் புறப்படுகின்றனர். சிலர் எல்ல, மொனராகலை வழியாகச் செல்கின்றனர். வேறு சிலர் தெல்தெனியா, ஹுன்னஸ்கிரிய ஊடாக மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையைத் தெரிவுசெய்து, பிபிலை, சியம்பலாண்டுவ, லகுகலை எனக் காடும் வயலுமாக நீளும் வீதியில் பயணித்துப் பொத்துவிலை அடைகின்றனர். அவர்கள் நாடிச் செல்லும் ஊருக்கு உல்லை என்பது பெயர். உலகம் அதனை அறுகம்பே என்ற பெயரால் அறியும்.

கண்டியில் தென்மேற்குப் பருவமழை தூறிக்கொண்டிருக்கும் மாதங்களில் மலைகளுக்கு அப்பாலுள்ள கிழக்குக் கரையில் வெயில் காய்கிறது. தென்சமுத்திரத்தில் எழும் நெடிய அலைகள் உல்லை முனையைச் சுற்றி வளைந்து, வலப்புறமாக ஒரே ஒழுங்கில் உடைந்துவருகின்றன. ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை நீடிக்கும் இந்த அலைக்காகவே 1970களிலிருந்து நீர்ச்சறுக்கல் வீரர்கள் இங்கு வருகின்றனர். 2019 செப்டெம்பரில் உலக நீர்ச்சறுக்கல் லீக்கின் தகுதிகாண் போட்டியொன்றும் இவ்விடத்தில் நடைபெற்றது. அந்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களினால் முடங்கிப்போயிருந்த உல்லாசப் பயணத்துறைக்கு அது ஒரு மூச்சாக அமைந்தது.

அலையைப் பற்றி எழுதுவோர் பலர். அந்த அலை வந்து ஓயும் மணலைப் பற்றி எழுதுவோர் சிலரே. எமது அக்கறை மணலைப் பற்றியது.

அறுகம்பேயின் வளர்ச்சி இந்நாட்டின் ஏனைய உல்லாசப் பயண மையங்களின் வளர்ச்சியிலிருந்து வேறுபட்டது. பெந்தோட்டையைப் போன்று அரசாங்கம் திட்டமிட்டு உருவாக்கிய இடமல்ல அது. ஊர்க் குடும்பங்கள் தமது வளவுகளில் ஓலைக் குடில்களை அமைத்து, மீன் குழம்பும் சோறும் கொடுத்து, படிப்படியாக வளர்த்தெடுத்த தொழில் அது. முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் அதில் பங்குகொண்டுள்ளனர். யுத்த காலத்தில் பெருமுதலீட்டாளர்கள் எவரும் அப்பக்கம் எட்டிப் பார்க்காதமை, ஒரு விதத்தில், ஊராரின் கையில் தொழில் எஞ்சியிருக்கக் காரணமாயிற்று. யுத்தத்தினால் எவருக்கேனும் நன்மை விளைந்தது என்று கூற எமக்கு மனமில்லை. எனினும் உண்மை அதுவே.

உல்லாசப் பயணத்துறைக்காக வாதிடுவோர் வழமையாக முன்வைக்கும் ஒரு கருத்து உண்டு. மீன்பிடி குறையும் காலத்தில் மீனவனுக்கு உல்லாசப் பயணிகள் மூலம் மேலதிக வருமானம் கிட்டும் என்பதே அது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கிழக்குக் கரையைப் பொறுத்தவரை இது நாட்காட்டியைப் பாராமல் சொல்லப்படும் வாதம். கடல் அமைதியாக இருந்து வள்ளங்கள் நாள்தோறும் இறங்கும் மாதங்களும், பயணிகள் குவியும் மாதங்களும் ஒன்றே. நவம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று எழுந்துவிட்டால் கடல் கொந்தளிக்கிறது, படகுகள் கரையேறுகின்றன, அதே வாரங்களில் விடுதிகளும் கதவடைக்கின்றன. கடன் வாங்கிச் சீவிக்கும் காலம் இரு தொழில்களுக்கும் பொதுவானது. ஆகவே, இங்கு ஒரு தொழில் மற்றதன் குறையை நிரப்புவதில்லை. ஒரே பருவத்தில், ஒரே கரையில், இரண்டும் இடத்துக்காகப் போட்டியிடுகின்றன.

அந்தப் போட்டியின் கனதியை விளங்கிக்கொள்வதற்குக் கரைவலைத் தொழிலை அறிந்திருத்தல் வேண்டும். தோணியொன்று வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்து இறக்கிவிட்டு வர, அதன் இரு முனைகளையும் கரையில் நிற்போர் இழுத்துச் சேர்ப்பார்கள். இதற்குத் தடையற்ற நீண்ட மணற்பரப்பு வேண்டும். பாடு என்று அழைக்கப்படும் அந்த இடத்தின் நடுவே குடைகளும் சாய்வு நாற்காலிகளும் போடப்பட்டால் வலையை இழுக்க இயலாது. இயந்திரப் படகுகளை வைத்திருப்போருக்கும் அவற்றை இழுத்தேற்றவும், வலைகளை உலர்த்தவும், மீனை நிறுத்து விற்கவும் இடம் தேவை. அறுகம்பேயில் படகுகள் ஏற்றிவைக்கப்படும் தென்புற முனை, நீர்ச்சறுக்கல் வீரர்கள் பலகைகளுடன் கடலில் இறங்கும் முனைக்கு அண்மையிலேயே உள்ளது. இன்று வரை இரு சாராரும் ஒருவாறு ஒத்துப்போகின்றனர் என்றால் அதற்கு ஊராரின் பொறுமையே காரணம். எந்தச் சட்டமும் அல்ல.

ஊராருக்கு ஐயம் வேரூன்றிய ஆண்டு 2005. முந்திய ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோள் உல்லையைத் துடைத்தெறிந்திருந்தது. அரசாங்கம் கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்கும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்கும் வீடுகள் கட்டக்கூடாதெனத் தடை வலயம் விதித்தது. கடலோரத்தில் வாழ்வது ஆபத்து என்ற காரணத்தை எவரும் ஏற்றுக்கொள்வர். ஆயினும் மீனவரின் குடிசைக்கு ஆபத்தான அதே கரை உல்லாச விடுதிக்கு ஆபத்தற்றதாகக் கருதப்பட்டது எவ்வாறு? அதே காலப்பகுதியில் அறுகம்பேயின் மீள்நிர்மாணத்துக்கென வரையப்பட்ட திட்டத்தில் கடல் விமான இறங்குதுறையும் ஹெலிகொப்டர் தளமும் இடம்பெற்றிருந்தன. மக்கள் எதிர்த்தனர். தடை வலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. திட்டமும் அவ்வடிவில் நிறைவேறவில்லை. கனேடிய எழுத்தாளர் நவோமி கிளெய்ன் 2007இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விரிவாக எழுதியமையால் உல்லையின் பெயர் உலக விவாதங்களில் இடம்பிடித்தது. இங்கோ அது விரைவில் மறக்கப்பட்டுவிட்டது.

தெற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாணமையில் நிகழ்ந்ததை அவ்வாறு மறந்துவிட முடியாது. சிங்களமும் தமிழும் கலந்த மரபுடைய அக்கிராமத்தில், 2010 ஜூலையில் சுமார் 350 குடும்பங்கள் தாம் பயிரிட்டும் மீன்பிடித்தும் வாழ்ந்த நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டன. குடிசைகள் எரியூட்டப்பட்டன. பின்னர் அந்நிலத்தில் படையினரின் முகாம்கள் எழுந்தன. கடற்படையினர் நடத்தும் விடுதியொன்றும் எழுந்தது. 2015 பெப்ரவரியில் நிலத்தின் பெரும்பகுதியை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்த போதிலும், அத்தீர்மானம் தாமாகக் காணியாக மாறி மக்களின் கைக்கு வந்துவிடவில்லை. அவர்கள் நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஆண்டுக்கணக்காக அலைய நேர்ந்தது. வெளியேற்றப்பட்டோர் தமிழரோ முஸ்லிம்களோ மாத்திரம் அல்லர் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். கரைக்கு விலை ஏறும்போது இனம் பார்க்கப்படுவதில்லை.

2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அறுகம்பே மீண்டும் உலகச் செய்தியாயிற்று. அங்குள்ள உல்லாசப் பயணத் தலங்களைக் குறிவைத்துத் தாக்குதல் நிகழக்கூடும் என அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தனது பிரஜைகளை உடனடியாக வெளியேறுமாறு அறிவுறுத்தியது. சிலர் கைது செய்யப்பட்டனர்; வீதிகளில் பொலிஸாரும் படையினரும் நிறுத்தப்பட்டனர். தாக்குதல் எதுவும் நிகழவில்லை. ஆனால் பருவத்தின் இறுதி வாரங்களின் வருமானம் போயிற்று. சந்தேகத்தின் நிழல் முழு முஸ்லிம் கிராமம் ஒன்றின் மீதும் படிந்தது.

இது எத்தகைய இழப்பு என்பதைக் கண்டி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டு, அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டபோது, எரிந்த கடைகளுக்குப் பல மைல் தொலைவிலிருந்த விடுதிக்காரரும் முச்சக்கரவண்டிச் சாரதியும் வெறுங்கையுடன் இருக்க நேர்ந்தது. அந்த ஆண்டில் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தனர் என்பது புள்ளிவிபரம். அந்த மார்ச் மாதத்தில் கண்டியின் கடைத்தெருக்கள் கண்ட வெறுமையைப் புள்ளிவிபரம் கூறாது.

அறுகம்பே மக்கள் தெரிவிக்கும் மற்றுமொரு முறைப்பாடும் உள்ளது. உல்லாசப் பயண விசாவில் வருவோர் சிலர் விடுதிகளையும் உணவகங்களையும் நீர்ச்சறுக்கல் பயிற்சிகளையும் தாமே நடத்தி, வாடிக்கையாளரையும் தம் நாட்டவரிலிருந்தே திரட்டிக்கொள்கின்றனர் என்பதே அம்முறைப்பாடு. தென் கரையில் ரஷ்யர்கள் தொடர்பாகவும் இதே குறை எழுந்தது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என விளம்பரப்படுத்தப்பட்ட களியாட்டம் கண்டனத்துக்குள்ளாகி இரத்தானதை வாசகர்கள் அறிவர். ஒரு நாட்டவர் மீதான வெறுப்பாக இதனை மாற்றிவிடுவது இலகு, அது தவறுமாகும். அனுமதிப்பத்திரமின்றித் தொழில் நடத்துபவர் எந்நாட்டவராயினும் சட்டம் ஒன்றே. அச்சட்டத்தைச் செயற்படுத்தாமல் இருந்துவிட்டு, பின்னர் ஊரார் கோபப்படுகின்றனர் என்று குறைகூறுவதில் நியாயமில்லை.

சுழியோடல் நடைபெறும் தீவுகளிலும் இக்கேள்வி வேறு வடிவில் எழுகின்றது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. பயணிகளை அங்கு ஏற்றிச் செல்லும் படகுகள் ஊராருடையவை என்பது நல்ல விடயம். ஆனால் விடுமுறை நாட்களில் அச்சிறு தீவில் இறங்கும் கூட்டத்தின் கால்களுக்குக் கீழ் முருகைக் கற்கள் நொறுங்குகின்றன. முருகைக்கல் அழிந்தால் சுழியோடிகள் வேறு தீவுக்குச் செல்வர்; நிலாவெளிப் படகுக்காரர் எங்கே செல்வார்? கற்பிட்டியிலோ, 14 தீவுகளை உள்ளடக்கிய பெருந்திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, தலைமுறைகளாகத் தீவுகளில் வாடி அமைத்துத் தொழில் செய்தோர் தமது உரிமைக்குப் பத்திரம் காட்டுமாறு கேட்கப்பட்டனர். திட்டமிட்ட பேருருவில் அது எழவில்லை. அந்த அச்சம் மட்டும் நிலைத்துவிட்டது.

கடல் இல்லாத எமது கண்டி மாவட்டத்திலும் ஓர் உல்லை உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியிலுள்ள மீமுரை அது. ஒரு காலத்தில் வெளியுலகம் எட்டிப்பாராத அக்கிராமத்துக்கு இன்று வார இறுதிகளில் வாகனங்கள் வரிசையாக இறங்குகின்றன. வீட்டில் தங்கவைத்துச் சோறு கொடுக்கும் குடும்பங்களுக்கு அதனால் வருமானம் கிடைக்கின்றது. ஆற்றங்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களைப் பொறுக்கும் வேலையும் அவர்களுக்கே கிடைக்கின்றது.

நாட்டுக்கு டொலர் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. 2022இன் வரிசைகளை மறந்தவர் எவருமில்லை. 2024இல் பயணிகளின் எண்ணிக்கை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தமை ஆறுதலளிக்கும் செய்தியே. அறுகம்பேயின் பெண்கள் 2018இல் தமக்கென நீர்ச்சறுக்கல் கழகமொன்றை அமைத்து, ஊராரின் முணுமுணுப்பையும் மீறி அலையேறியமையும், பொத்துவில் களப்பில் மீனவர்கள் கண்டல் காடுகளுக்கூடாகப் பயணிகளைத் தோணியில் அழைத்துச் செல்வதும் இத்தொழில் ஊராருடையதாக இருக்க முடியும் என்பதற்குச் சான்றுகள். ஆனால் நிலவுரிமை உறுதியற்றிருக்கும் இடத்தில் இவை அனைத்தும் அடுத்த பெருந்திட்டம் வரும் வரைக்குமான ஏற்பாடுகளே.

2025 மே மாதத் தேர்தலின் மூலம் உள்ளூராட்சி மன்றங்கள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்துள்ளன. பொத்துவில் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் ஒரே மேசையில் அமர்ந்து, கரைவலைப் பாடுகளையும் படகுகள் ஏற்றிவைக்கும் இடங்களையும் அளந்து, வரைபடத்தில் குறித்து, வர்த்தமானியில் வெளியிட வேண்டும் என்று கோருகின்றோம். அமைச்சரவைப் பத்திரமோ வெளிநாட்டுக் கடனோ இதற்கு அவசியமில்லை. ஏப்ரலில் முதலாவது அலை வருவதற்கு முன்னர் ஒரு நில அளவையாளரும் சில எல்லைக் கற்களும் உல்லைக்குச் சென்று சேர்ந்தால் போதுமானது.