ஜோடியாக வேண்டாம்

செல்லப்பிராணிக் கடையில் கினிப்பன்றி வாங்கப் போனால் ஒன்றை மட்டும் எடுத்துவர விடமாட்டார்கள். "கினி பிக்கை ஜோடியா எடுத்துக்குங்க சார், தனியா விட்டா ஏங்கிச் செத்துடும்" என்பார் கடைக்காரர். பாதி உண்மை. கூட்டமாக வாழும் பிராணி அது. சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி அதைத் தனியாக வளர்க்கவே கூடாது. ஆனால் துணை வேண்டும் என்றால் ஆண்துணைதான் வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு பெண்கள் ஒரே கூண்டில் சுகமாக இருக்கும். நமக்குத்தான் ஜோடி என்றதும் முகத்தில் கல்யாணக் களை வந்துவிடுகிறது. குட்டி போடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று அப்பாக்களும் தலையாட்டிவிடுகிறார்கள்.

குட்டி போடும், சந்தேகமே வேண்டாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் முடியோடும் திறந்த கண்களோடும் முளைத்த பற்களோடும் பிறக்கும். ஓரிரு நாளில் அம்மாவின் தட்டிலேயே வாய் வைக்கும். வீடே கூண்டைச் சுற்றி உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கும்போது தாய் மறுபடி சினைப்பட்டிருக்கும். ஈன்ற சில மணி நேரத்திலேயே அது பருவத்துக்கு வந்துவிடுகிறது; ஆணோ பக்கத்திலேயே இருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே ஆணைப் பிரித்திருக்க வேண்டும். பிறந்த ஆண் குட்டிகளையும் மூன்று வாரத்தில் பிரித்துவிட வேண்டும். தாய், தங்கை என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. மூன்று வாரக் குட்டி நம் கண்ணுக்குப் பால்குடியாகத் தெரிவதுதான் சிக்கல். பிரிக்க யாருக்கும் மனம் வராது.

இதைவிட எனக்குக் கவலை தருவது பெண்ணின் வயது. அதன் இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பு, பிரசவம் நெருங்கும்போது நெகிழ்ந்து விலகிக் குட்டிக்கு வழிவிடும். முதல் பிரசவம் ஆறேழு மாத வயதுக்குள் நடக்காவிட்டால் அந்த இணைப்பு இறுகிவிடுகிறது; பிறகு விலகாமல் போகலாம். முக்கால் கிலோவோ ஒரு கிலோவோ இருக்கும் தாயின் வயிற்றில், குட்டி ஒவ்வொன்றும் நூறு கிராம் வரைகூட இருக்கும். வழி அடைபட்டால் அறுவை சிகிச்சைதான். இவ்வளவு சிறிய உயிருக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் எத்தனை ஊரில் கிடைப்பார்? அதற்காக அவசரப்படவும் முடியாது. ஒன்றரை மாதத்திலேயே சினைப்படக்கூடிய பிராணி இது. அந்த வயதில் அதுவே வளரும் குட்டி. மூன்று நான்கு மாதம் நிறைந்து, எடையும் ஏறியிருக்கும் காலம்தான் பொருத்தம். இப்போது கடையில் போய் இது எத்தனை மாதம் என்று கேட்டுப் பாருங்கள். "சின்னதுதான் சார்" என்பார். செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று 2018இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்கு நல வாரியத்தில் கடையைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்கினாலும் குட்டியின் பிறந்த தேதி அதில் இருக்காது.

ஆண்டீஸ் மலைக்காரர்கள் கினிப்பன்றியைத் தின்பதற்காகவே சில ஆயிரம் வருஷமாக வளர்க்கிறார்கள். பெரு நாட்டில் இறைச்சிக்கென்று தனி இனங்களையே தேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். கறிக்கு வளர்ப்பவர் எடை பார்க்கிறார், எதை எதோடு சேர்க்கலாம் என்று யோசிக்கிறார். செல்லமாக வளர்க்கும் நாம் பெயர் வைப்பதோடு சரி.

நிறத்திலும் ஒரு வம்பு உண்டு. வெள்ளை முடி கலந்து வரும் ரோன், வெள்ளை உடம்பில் புள்ளி விழுந்த டால்மேஷியன் இரண்டுக்கும் கிராக்கி அதிகம். இவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் பிறப்பதில் சுமார் கால்வாசி, ஒரே மரபணுவை இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு முழு வெள்ளையாக வரும். கண் சிறுத்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது, பெரும்பாலும் காதும் கேட்காது, பல்லும் கோணல். ஆயுள் முழுக்கப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணிக்குப் பல் கோணல் என்றால் பட்டினி என்று பொருள். புள்ளி அழகாக இருக்கிறதே என்று ஜோடி சேர்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒருமுறையாவது குட்டி எடுத்தே தீருவேன் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. குட்டிகளுக்கு வீடு பேசி முடித்துவிட்டுச் சேருங்கள் என்பேன். கோடையில் வேண்டாம், 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும் பிராணி, சினையில் நம் சித்திரை வெயிலைத் தாங்காது. நம்மைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிப்பதில்லை. சினைக்காலத்தில் தேவை இன்னும் கூடும். பெல்லட் தீனிப் பையில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள், நாள்பட நாள்பட அது குறைந்துவிடும். குடைமிளகாய், கொத்தமல்லி, ஒரு துண்டு கொய்யா என்று தினமும் கொடுக்கலாம். கடைசி வாரங்களில், அதுவும் கொழுத்த பெண்ணாக இருந்தால், தீனி தின்கிறதா என்று இரண்டு வேளையும் பாருங்கள். தின்னாமல் மூலையில் ஒடுங்கினால் ரத்தத்தில் நஞ்சேறத் தொடங்கியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் அது இருக்காது. அதனால் சேர்ப்பதற்கு முன்பே ஒரு மருத்துவரைப் பார்த்து, கினிப்பன்றிக்கு வைத்தியம் பார்த்த பழக்கம் உண்டா, இரவு பத்து மணிக்குப் போனை எடுப்பாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.