'நியூஸ்காஸ்ட்': அகலம் இழந்த சொல்

'நியூஸ்காஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் இல்லையே என அங்கலாய்ப்போர் எம் மாணவரிடையே உளர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குறித்த நேரத்திற் செய்திகளைத் தொகுத்து வாசித்தளித்தலை அது குறிக்கும். அப்பொருளைச் 'செய்தியறிக்கை' என்ற சொல் நெடுங்காலமாகச் செவ்வனே உணர்த்தி வருகின்றது. பிறகேன் இந்த ஏக்கம்?

அவர்கள் போற்றும் சொல்லின் பிறப்பைத்தான் நோக்குவோமே. 'பிராட்காஸ்ட்' என்பது உழவரின் சொல். விதையைக் கையால் அகல வீசி விதைத்தலைக் குறித்தது. 1920களில் வானொலியார் அதனை இரவல் பெற்றனர். பின்னர் அதன் பிற்பாதியை மட்டும் அறுத்தெடுத்து 'நியூஸ்' என்பதோடு ஒட்டினர். 'பிராட்' எனும் அகலம் போயிற்று. 'காஸ்ட்' எனும் எறிதல் எஞ்சிற்று. அவ்வெச்சமே இன்று 'டெலிகாஸ்ட்' என்றும் 'பொட்காஸ்ட்' என்றும் கண்ட சொற்களோடெல்லாம் ஒட்டித் திரிகின்றது. இதையா நாம் வியப்பது?

ஆயினும், தமிழ்ச் சொல் இருக்கின்றதெனத் தோள்தட்டவும் எனக்கு மனமில்லை. கேட்பவர் அறிந்துகொள்ளாவிடின் அது எவ்வாறு அறிக்கையாகும்? 2024 மே முதலாந் திகதி, கொட்டகலை மேதினக் கூட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அன்றிரவு லிந்துலையில் எங்கள் லயமெங்கும் அந்த எண்ணே ஒலித்தது. அதில் 1,350 ரூபாயே அடிப்படைச் சம்பளம், எஞ்சிய 350 ரூபாய் ஊக்குவிப்புக் கொடுப்பனவு என்பதை யாம் பின்னரே அறிந்தோம். ஜூலையில் உயர் நீதிமன்றம் அவ்வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்திற்குப் புதிய வர்த்தமானி வெளியாயிற்று. ஒவ்வொரு முறையும் என் தாயார் வானொலியை நோக்கி, "எத்தனை கிலோவுக்கு?" என்று கேட்பார். வாசிப்பவரோ அதற்குள் வானிலைக்குச் சென்றிருப்பார். அங்கும் 'மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகள்' என்பதற்குள் நாங்கள் அடக்கம்.

முற்காலத்திற் பிரட்டுக்கு ஆளழைக்க லயங்களூடே தப்படித்துச் செல்வாராம் ஒருவர். இன்று எந்த மலை, எவ்வளவு பறிக்க வேண்டும் என்று அவரை வழிமறித்துக் கேட்கலாமாம், பாட்டனார் சொல்வதுண்டு.

செய்தியறிக்கை எழுதுவோருள் தமிழ் கற்றுப் பல்கலைக்கழகங்களிலிருந்து சென்றோரும் உளர். அவர்கள் சம்பளத் தொகையைச் சொல்லும் அதே வாக்கியத்திற் கிலோவையும் சொல்லட்டும். கலைச்சொல்லாக்கக் குழு அதன்பின் கூடலாம்.