உதைக்கும் முன் உற்று நோக்குவோம்

சென்ற ஐப்பசியில் ஒருநாள் அதிகாலை. அன்னூரில் நாம் தங்கியிருந்த இல்லத்திற்கு அடுத்த வீட்டு வாசலில் ஒரே அமளி. மூத்த மகனுக்குக் கோயமுத்தூரில் ஒன்பது மணிக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. போக வேண்டிய தூரமோ சுமார் 30 கிலோமீட்டர். இரவெல்லாம் மழையில் நனைந்து நின்ற மோட்டார் சைக்கிளோ கிளம்ப மறுத்துவிட்டது. அவரும் நாற்பது முறையாவது உதைத்திருப்பார். சட்டை வியர்வையில் நனைந்ததே தவிர, வண்டி முனகக்கூட இல்லை.

அப்போது தந்தையின் சினம் இளைய மகன்மேல் திரும்பியது. முந்தின நாள் மாலை வண்டியை அவிநாசிக்கு எடுத்துச் சென்றவன் அவன்தான். "நீ கை வெச்சா எதுதான் உருப்பட்டிருக்குது?" என்று தெருவே கேட்கும்படி ஏசினார். பையன் மறுமொழி கூறாமல் தலைகுனிந்து திண்ணையோரம் நின்றான்.

தேநீர் அருந்த அவ்வழியே வந்த முதிய மெக்கானிக் ஒருவர் நின்று பார்த்தார். "உதைக்கறத நிறுத்து கண்ணு. அது வாயில்லாத சீவன், நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கோணும்" என்றார். பிறகு அவர் செய்தவற்றை நாம் அருகிருந்து கவனித்தோம். இல்லங்கள்தோறும் இரு சக்கர வண்டி நிற்கும் இக்காலத்தில், அவற்றை நம் வாசகக் குடும்பங்களும் அறிந்திருப்பது நலம்.

எஞ்சின் இயங்கத் தேவையானவை மூன்று: காற்றோடு கலந்த பெட்ரோல், அக்கலவையை இறுக்கும் அழுத்தம், உரிய நேரத்தில் ஒரு தீப்பொறி. மூன்றில் எது குறைகின்றது என்று கண்டுகொள்வதே நோயறிதல். செலவில்லாச் சோதனைகளை முதலில் செய்ய வேண்டும்.

முதலாவது, கைப்பிடியருகே உள்ள எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச் அணைந்திருக்கின்றதா? வண்டி நியூட்ரலில் உள்ளதா? புதிய வண்டிகள் பலவற்றில் பக்கத்துத் தாங்கியை மடக்காவிட்டால் எஞ்சின் இயங்காது. டாங்க்கை அசைத்துப் பெட்ரோலின் ஓசையைக் கேளுங்கள். பழைய வண்டியானால் குழாயை ரிசர்வுக்குத் திருப்புங்கள்.

இரண்டாவது மின்சாரம். பொத்தானை அழுத்தும்போது 'டிக், டிக்' என்ற ஒலி மட்டும் எழுந்து, ஹாரனும் மெலிந்து ஒலித்தால், பாட்டரி சோர்ந்துள்ளது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்விசையால் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு வந்துவிட்டது. அத்தகைய வண்டியில் பாட்டரி அறவே செத்துவிட்டால், தள்ளி ஓடுவதாலும் பயனிராது. பெட்ரோல் பம்ப்புக்கே மின்சாரம் வேண்டும்.

மூன்றாவது ஸ்பார்க் பிளக். கழற்றிப் பார்த்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. குழாயிலோ கார்புரேட்டரிலோ அடைப்பு இருக்கலாம், டாங்க் மூடியின் காற்றுத் துளையும் அடைபட்டிருக்கலாம். கரி படிந்திருந்தால், காற்று வடிகட்டி அழுக்கேறியிருக்கக்கூடும். பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகின்றது, தீப்பொறிதான் வரவில்லை. அல்லது உதைத்து உதைத்தே பெட்ரோல் மிகுந்துவிட்டது. கிக்கர் எதிர்ப்பே இன்றி இறங்கினால் அழுத்தம் குறைந்துள்ளது. அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

பல மாதம் ஓடாமல் நின்ற வண்டிக்கு மற்றொரு கேடும் உண்டு. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆகவே பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே முறை.

இனி அன்னூர் வாசலுக்கு வருவோம். பெரியவர் பிளக்கைக் கழற்றினார், பெட்ரோல் சொட்டியது. அதைத் தொப்பியில் செருகி, உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி, பிளக் துளைக்கு எட்டத்தில் வைத்து உதைக்கச் சொன்னார். பொறி இல்லை. (இச்சோதனையின்போது பீடியோ விளக்கோ அருகில் கூடாது, பெட்ரோல் ஆவி நொடியில் பற்றிக்கொள்ளும்.) பின்பு ரப்பர்த் தொப்பியைக் கவிழ்த்தார். உள்ளிருந்து மழைநீர் வழிந்தது! துடைத்து, ஊதி, மறுபடி வைத்ததும் நீலப்பொறி பளிச்சிட்டது. பெட்ரோல் குழாயை மூடி, சாவியை அணைத்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகி, பிளக் இல்லாமலே சிலமுறை உதைத்து, மிகுதியான பெட்ரோலை வெளியேற்றினார். பிளக்கை உலர்த்திப் பூட்டியதும் மூன்றாம் உதையில் வண்டி முழங்கியது.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இப்பொறுமை புதிதன்று. சென்னைத் திருவொற்றியூரில் உருவான அவ்வண்டியை வெறும் வலிமையால் கிளப்ப முடியாது. அழுத்தம் தளர்த்தும் நெம்புகோலைப் பிடித்து, ஆம்ப் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, அதன்பின்பே உதைக்க வேண்டும். அவசரப்பட்டவன் காலை அது திருப்பி உதைத்துவிடும்.

பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். புறப்படுமுன் தந்தையிடம், "மழைதானுங்க தப்புப் பண்ணுச்சு. பையன் மேல ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொன்னார். தந்தை சற்றுநேரம் பேசவில்லை. பிறகு திண்ணையோரம் சென்று, "அவசரப்பட்டுட்டேன் சாமி" என்றார். பையன் தலைநிமிரவில்லை; ஆயினும் அண்ணனின் சான்றிதழ்ப் பையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தான்.

வண்டியின் பழுதை நீக்கக் கால்மணி நேரம் போதுமானதாயிற்று. தெரு கேட்க எழுந்த சொல்லைத் திரும்பப் பெற அதைவிட நெடுநாளாகும். நம் இல்லங்களில் ஏதேனும் நின்றுபோகும் வேளையில், யார் செய்தது என்று கேட்குமுன் என்ன நேர்ந்தது என்று பார்ப்போமாக. வண்டியை மழை படாத இடத்தில் நிறுத்துவதும் நன்று.