கூலி கேட்பது விசுவாசக் குறைவா?

சோதனைகள் வரும்போது அதைச் சந்தோஷமாக எண்ண வேண்டும் என்கிறார் யாக்கோபு (1:2). சேலம், நாமக்கல் பக்கத்துத் தேவாலயங்களில் தலித் கிறிஸ்தவர்களாகிய நாம் இந்தப் பிரசங்கத்தைக் கேட்டே வளர்ந்தோம்.

அதே நிருபத்தின் 5:4 பற்றிக் கேட்டது அரிது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்று பணக்காரர்களை எச்சரிக்கிறார் அதே யாக்கோபு.

முன்னுக்குப் பின் முரணா? இல்லை. முதலாவது, துன்பப்படுகிறவர்களுக்குச் சொன்ன ஆறுதல். இரண்டாவது, துன்பப்படுத்துகிறவர்கள் மீது வைத்த குற்றச்சாட்டு. அடுத்து, பொறுமையாக இருங்கள் என்றும் சொல்கிறார். ஆனால் நீதிபதி வாசலில் நிற்கிறார் என்று சேர்த்தே சொல்கிறார். அது நியாயத்தை எதிர்பார்க்கிற பொறுமை.

கொடுமைக்கார எஜமானுக்கும் அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு எழுதியதை (1 பேதுரு 2:18) நாம் மறைக்க வேண்டியதில்லை. அடிமைமுறையைச் சட்டமே காத்த ரோமப் பேரரசில் எழுதியது அது. விசாரணையில் கன்னத்தில் அறை வாங்கிய இயேசுவோ, ஏன் என்னை அடிக்கிறாய் என்று நேராகக் கேட்டார் (யோவான் 18:23). சிலுவை சுமந்தவரே கேள்வியும் கேட்டார்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிய குடும்பங்கள், கடன் தீரும்வரை தறியை விட்டு நகர முடியாமல் கிடந்த கதை நமக்குத் தெரியும். அப்படிக் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் குடும்பத்திடம் போய்ச் சந்தோஷப்படு என்பவர் முதலாளிக்குத்தான் ஊழியம் செய்கிறார்.

அரசும் நம்மைப் பொறுத்துக்கொள்ளத்தான் சொல்கிறது. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே. ஞானஸ்நானம் பெற்றதும் சாதி போய்விட்டதாம்! ஊருக்குள் யாரும் அப்படி நினைப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் நமக்குப் போய்விட்டது. இதைக் கேட்டால், உலக ஆதாயத்தைத் தேடாதே என்று பதில் வருகிறது.

துன்பத்திலும் சந்தோஷம் காண்பது துன்பப்படுகிறவரின் உரிமை. நம் தாய்மார்கள் அந்தப் பலத்தில்தான் நம்மை ஆளாக்கினார்கள். அதை அடுத்தவர் நமக்குக் கட்டளையாகப் போட முடியாது. போதகர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: யாக்கோபு நிருபத்தை முதல் அதிகாரத்தோடு மூடிவிடாதீர்கள். ஐந்தாம் அதிகாரத்தையும் வாசியுங்கள், முதலாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே.