வேலைக்குக் காசு கேட்பவனிடம் வேலை இல்லை



இது நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பிடித்து வைப்பேன் என்று என்னைத் திட்டியவர்கள்தானே நீங்கள்! இன்றும் அப்படித்தான். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் குடும்பக் குழுவிலும் தினமும் காலையில் ஒரு செய்தி வந்து விழுகிறது. "ஐ.டி. வேலை. எந்த டிகிரியும் போதும். இன்டர்வியூ கிடையாது. உடனே சேரலாம்." கீழே ஒரு செல் நம்பர். கம்பெனி பெயர் இருக்காது, இருந்தால் ஊர் உலகமெல்லாம் தெரிந்த பெயராக இருக்கும். அனுப்பியவர் யாரென்று பார்த்தால் நம் வீட்டு மாமா, சித்தப்பா, இல்லையென்றால் என்னிடம் படித்து இன்று நல்ல வேலையில் இருக்கும் பிள்ளை. கேட்டால் "யாருக்காவது உதவுமே டீச்சர்" என்கிறார்கள். அது உதவி இல்லை. திருடனுக்கு வழி காட்டும் வேலை. கோபப்படாதீர்கள், காரணத்தோடுதான் சொல்கிறேன்.

போன மாதம் என் மாணவி ஒருத்தியின் அம்மா போன் செய்தார். பிள்ளை பி.இ. முடித்து ஒரு வருடம் ஆகிறது. இப்படி வந்த ஒரு நம்பருக்குப் பேசியிருக்கிறார்கள். சென்னையில் ஒரு கன்சல்டன்சி. "பேக்டோர்ல போட்டுடலாம், ஒன்றரை லட்சம் ஆகும்" என்றார்களாம். நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். ஆஃபர் லெட்டரும் வந்தது. சேரப் போன அன்று கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, "இதோடு இந்த வாரம் ஐந்தாவது லெட்டர்மா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், இதை யாரிடமும் சொல்லிடாதீங்க, பிள்ளைக்கு வரன் பார்க்கிறோம்." பெயர் சொல்லவில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

"அப்படிப் பணம் கொடுத்துச் சிலர் சேர்ந்திருக்கிறார்களே" என்று வாதாடுகிறவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். கணக்கு டீச்சர் இல்லையா, கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏஜென்ட் 20 பிள்ளைகளிடம் தலைக்கு 1 லட்சம் வாங்குகிறான். மொத்தம் 20 லட்சம். அவனுக்கு எந்தக் கம்பெனியிலும் ஒரு ஆளும் தெரியாது. யார் வேண்டுமானாலும் போகக்கூடிய வாக்-இன் தேர்வுக்கு 20 பேரையும் அனுப்புகிறான். அதில் 4 பேர் தங்கள் படிப்பால் தேறுகிறார்கள். மீதி 16 பேரில் 6 பேர் வீட்டில் ஆள் பலம் உண்டு. சண்டை போடுகிறார்கள், அவர்களுக்கு 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். பாக்கி 10 பேர் "அடுத்த பேட்ச், அடுத்த மாதம்" என்று நடந்து நடந்து ஓய்ந்து போகிறார்கள். அவன் கையில் நிற்பது 14 லட்சம். அவன் செய்த வேலை பூஜ்யம்.

இப்போது ஊரில் என்ன பேச்சு நடக்கும்? தேறிய 4 பேரின் வீட்டார் "அவர்தான் வாங்கிக் கொடுத்தார்" என்பார்கள். பணம் திரும்பப் பெற்ற 6 பேரின் வீட்டார் "நாணயமான மனுஷன், கிடைக்கலைன்னதும் திருப்பிக் கொடுத்துட்டார்" என்பார்கள். ஏமாந்த 10 பேர் வீட்டில் மட்டும் சத்தமே வராது. வெட்கம். அந்த வெட்கம்தான் அவனுடைய மூலதனம். அடுத்த 20 பேரை அவனிடம் கொண்டு சேர்ப்பது அந்த மௌனமும் நம்முடைய ஃபார்வர்டும்தான்.

ஆகவே முதல் விதியை எழுதிக்கொள்ளுங்கள். ஆள் தேவைப்படுகிறவன்தான் செலவு செய்வான், வேலை தேடுகிறவன் செலவு செய்யக் கூடாது. இது என் சொந்தச் சரக்கு இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த 181-ஆவது உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு சொல்லும் பொது விதி இது. தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், "திருப்பித் தரப்படும்" காப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விடை ஒன்றுதான்: எழுந்து வந்துவிடுங்கள்.

"அப்படியென்றால் நெட்டில் எங்கேதான் தேடுவது?" என்று கேட்பீர்கள். தளங்களின் பட்டியல் ஆயிரம் கிடைக்கும், பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் ஒரு கேள்விக்குத்தான்: இந்தத் தளத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? அதைக் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நௌக்ரி தளம் 1997-இலிருந்து இருக்கிறது. அங்கே விளம்பரம் போடவும், குவிந்து கிடக்கும் ரெஸ்யூம்களில் தேடவும் கம்பெனிகள்தான் பணம் கட்டுகின்றன. அதாவது அங்கே நீங்கள் தேடுவதைவிட அவர்கள் உங்களைத் தேடுவதுதான் பெரிய வேலை. ரெக்ரூட்டர் ஜாவா, எஸ்.க்யூ.எல். என்று சொல் போட்டுத் தேடுகிறார். அண்மையில் புதுப்பித்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும் முடியும். ரெஸ்யூமை ஏற்றிவிட்டு ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவனுக்கு எப்படிப் போன் வரும்? "கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்" என்று எழுதினால் எந்தத் தேடலில் அகப்படுவாய்? தெரிந்த தொழில்நுட்பத்தின் பெயரை எழுது, செய்த புராஜெக்டை எழுது. ரெஸ்யூமை அழகாக எழுதித் தருவதற்குக் கட்டணச் சேவைகளும் உண்டு. அதை வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் அங்கே விற்பது எழுத்துதான், வேலை இல்லை.

லிங்க்டின் தளத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் விண்ணப்பம் போய்விடுகிறது. உனக்கு அது சுலபம் என்றால் உன்னோடு போட்டியிடும் நூற்றுக்கணக்கானவர்களுக்கும் சுலபம்தானே! அந்தத் தளத்தின் பலம் ஆட்களைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அந்தக் கம்பெனியில் நம் பள்ளி, நம் கல்லூரி ஆள் யார் என்று தேடி, மரியாதையாக நாலு வரி எழுதிக் கேள்.

அரசுத் தளங்களை ஏனோ யாரும் மதிப்பதில்லை. மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் 2015-இலிருந்து நடக்கிறது. தமிழ்நாடு அரசும் தனியார் வேலைவாய்ப்புக்கென்றே ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. இரண்டிலும் பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களுக்கும் கட்டணம் இல்லை. அங்கே கனவுச் சம்பளம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே யாரும் உன் அம்மாவின் வளையலைக் கேட்க மாட்டார்கள்.

எந்த விளம்பரம் வந்தாலும் முதலில் அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் கேரியர்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே அந்த வேலை இல்லையென்றால் நம்ப வேண்டாம். பெயர் தெரியாத கம்பெனியா? கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அது எந்த ஆண்டு பதிவானது என்று தெரியும். பி.எஃப். அலுவலகத்தின் தளத்தில் நிறுவனப் பெயரைத் தேடினால் எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டுகிறார்கள் என்றும் பார்க்கலாம். "500 ஊழியர்கள்" என்கிறவன் 6 பேருக்குக் கட்டினால் புரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை லட்சம் கொடுக்குமுன் பத்து நிமிடம் செலவழிக்க மாட்டீர்களா?

ஃப்ரீலான்ஸ் பற்றிச் சொல்லாவிட்டால் என் அண்ணன் மகன் சண்டைக்கு வருவான். "அத்தை, அங்கேயும் காசு வாங்குறாங்களே" என்பான். வாங்குகிறார்கள். ஃபைவர் தளம் நீ சம்பாதிப்பதில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 100 டாலர் வேலைக்கு 80 டாலர் உன் கைக்கு. அப்வொர்க்கில் கமிஷன் தவிர, விண்ணப்பம் போடவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன் வேண்டும். ஒன்றின் விலை 15 சென்ட், ஒரு விண்ணப்பத்துக்குப் பல டோக்கன் போகும். கண்மூடித்தனமாக 50 இடத்தில் போட்டால் பணம் கரையும். ஆனால் இங்கே விலை வெளிப்படையாக எழுதியிருக்கிறது, கமிஷனும் சம்பாதித்த பிறகுதான். "வேலை நிச்சயம்" என்று யாரும் விற்கவில்லை. அந்த வித்தியாசம் போதும். அங்கே ஆபத்து எது தெரியுமா? "டெலிகிராமுக்கு வாங்க, கமிஷன் இல்லாமல் வெளியே பேசிக்கலாம்" என்று அழைக்கிறவன். போனால் ஏமாந்த பிறகு முறையிட இடமில்லை.

வீட்டிலிருக்கும் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டேட்டா என்ட்ரி வேலை என்று வரும். நூற்றுக்கணக்கான பக்கம் டைப் அடித்து அனுப்பியதும் "தவறு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், பணம் கட்டாவிட்டால் கோர்ட்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும். அது மிரட்டல் காகிதம். பயந்து கட்டாதீர்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பதும் இதே ரகம். முதலில் 150 ரூபாய் வரும், பிறகு உங்கள் ஆயிரங்கள் போகும். பணம் போய்விட்டால் ஒளிக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

பணத்தோடு போனாலாவது பரவாயில்லை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்' வேலை என்று ஐ.டி. தெரிந்த பிள்ளைகளை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். அந்த அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்களும் படித்த பிள்ளைகள்தான். வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்டே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேரலாம் என்று ஒருவன் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. கம்பெனி பேரோலில் இல்லாமல் காண்ட்ராக்டில் சேர்கிறேன் என்று பிள்ளை சொன்னால் "காண்ட்ராக்டா? வெளியே சொல்ல வேண்டாம்" என்கிறீர்கள். அதே வாயால் பேக்டோருக்கு லட்சக்கணக்கில் புரட்டுகிறீர்கள். இது என்ன நியாயம்? காண்ட்ராக்ட் வேலையில் கேட்க வேண்டியது வேறு: சம்பளம் போடுவது யார், எத்தனை மாதம், பி.எஃப். உண்டா, நடுவில் நிறுத்தினால் எத்தனை நாள் நோட்டீஸ். இவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர்ந்தால் அது கௌரவமான வேலை. அந்த ஒரு வருட உண்மையான அனுபவம், காசு கொடுத்து வாங்கும் போலி அனுபவச் சான்றிதழைவிட நூறு மடங்கு மேல். போலியை இப்போதெல்லாம் பி.எஃப். கணக்கின் பணி விவரத்தை வைத்தே பிடித்துவிடுகிறார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டால் வேலையும் போகும், பெயரும் போகும். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். பார்க்கட்டும், சரிபார்க்கட்டும், அன்றைக்கே கையில் திரும்ப வாங்குங்கள்.

கடைசியாக, வேலையில் இருக்கிற என் மாணவர்களுக்கு. கண்ணுகளா, உங்களில் எத்தனையோ பேர் சென்னை, பெங்களூரு, கோவை என்று நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் கம்பெனிக்குள் ஆள் தேவை என்று வரும் பட்டியல் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். நீங்கள் ரெஃபர் செய்த ஆள் தேறினால் பல கம்பெனிகள் உங்களுக்கே போனஸ் தருகின்றன. இருந்தும் ஜூனியர் ஒருவன் "அண்ணா, ரெஸ்யூம் பாருங்க" என்று அனுப்பினால் பதில் போடுவதில்லை. "சரியா செய்யலைன்னா என் பெயர் கெடும்" என்கிறீர்கள். நியாயம்தான். அப்படியென்றால் ரெஃபர் செய்ய வேண்டாம். ரெஸ்யூமைப் படித்து, "இந்த மூன்றும் போதாது, இதைப் படி" என்று இரண்டு வரி எழுதலாமே? அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். நீங்கள் அந்த ஐந்து நிமிடம் கொடுக்காத இடத்தில்தான் கன்சல்டன்சிக்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

இன்றிலிருந்து நம் குழுவில் ஒரு ஒழுங்கு வைப்போம். ஃபார்வர்ட் வேண்டாம். நீங்களே விசாரித்த வேலையை மட்டும் போடுங்கள். கம்பெனி பெயர், கேரியர்ஸ் பக்கத்தின் இணைப்பு, கடைசித் தேதி, "நான் விசாரித்தேன்" என்று உங்கள் பெயர். இந்த நான்கும் இல்லாத செய்தியை நான் அழித்துவிடுவேன். அட்மின் நான்தான், யார் அனுப்பினாலும் சரி, பெரிய மாமா உட்பட.

ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். திட்ட மாட்டேன். பெயர் சொல்லாமல் விவரத்தை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏமாற்றியவன் தலை நிமிர்ந்து நடக்கும்போது ஏமாந்த பிள்ளை ஏன் தலை குனிய வேண்டும்?

இந்த வாரம் உங்கள் ஆபீசில் ஆள் எடுக்கிறார்களா? கீழே கமெண்டில் எழுதுங்கள். வேலை தேடும் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்