பழைய பாண்டமும் மூலபாடமும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, சங்கநூல் ஒன்றைப் பற்றி எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு மோட்டார் சைக்கிள். பழைய மாணவருட் பலர் அதனை அறிவர். அதன் பின்னிருக்கையில் ஏறி நனைந்தோரும் உளர். அண்மையிற் கொழும்பிலிருந்து வந்த அன்பர் ஒருவர் அதனைச் சுற்றிப் பார்த்து நல்ல விலை கூறினார். பின்பு குனிந்து நோக்கி, பாதிக்குமேல் 'ஒரிஜினல்' இல்லையே என்று விலையைக் குறைத்தார். விற்கும் எண்ணம் எமக்கு அன்று இருந்தது என்பதை மறைப்பானேன்? வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஆயினும் அச்சொல் தைத்தது.

அது பீ.எஸ்.ஏ. நிறுவனத்தார் செய்த பான்டம், 123 சீ.சீ. இயந்திரமும் மூன்று கியரும் உடையது. பான்டம் என்பது ஒருவகைச் சிறுகோழி. பெற்றோல் தாங்கியிற் சேவற்படம் இருந்தமையால், எம் அப்பம்மா வெள்ளிதோறும் அதற்குத் திருநீறு பூசத் தவறியதில்லை. ஊரார் வாயில் அப்பெயர் 'பாண்டம்' ஆயிற்று.

எம் தந்தையார் 1971 இல் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் அவர் கற்பித்த பள்ளிக்கூடம், இடையே வாவி. மண்முனையிற் பாதை ஏறிக் கடக்கவேண்டும். (வெளியூர் அன்பர்க்கு ஒரு சொல்: எம் நாட்டில் பாதை என்பது வழிக்கு மட்டுமன்று, வாவி கடக்கும் மிதவைக்கும் பெயர். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அதுவே வழக்கம்.) நாள்தோறும் இருமுறை உப்புக்காற்றைக் குடித்தது வண்டி. இறக்குமதி இறுகியிருந்த எழுபதுகளின் முற்பகுதியில் உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. கிளச்சுத் தட்டின் தக்கைகள் தேய்ந்தபோது பட்டறைக்காரர் வேறு தக்கையைச் சீவிப் பொருத்தினார். 1978 நவம்பர்ச் சூறாவளியில் தென்னை விழுந்து முன் மட்காட் நசுங்கியது. எண்ணெய்ப் பீப்பாத் தகட்டை அடித்து வளைத்து வேறொன்று செய்தார் அவரே. இன்றும் இருப்பது அதுதான்.

தந்தையார் 2003 இல் மறைந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கல்லடியிற் கடல் வந்தது. வேலியோரத் தாழையடியில், கைபிடி மட்டும் வெளியே தெரிய, மணலுக்குள் வண்டியைக் கண்டோம். பிள்ளைகளை இழந்தோர் நடுவே இரும்பைப் பற்றிக் கவலைப்பட நாணி, ஓராண்டுக்கு மேல் அதனைத் தொடவில்லை. அதற்கு விலையும் கொடுத்தோம். உப்புநீரில் மூழ்கிய இயந்திரத்தை உடனே நன்னீரில் அலசிப் பிரித்து எண்ணெயூட்டினாற் பெரும்பாலும் பிழைக்கும். காயவிட்டால் உப்பும் ஈரமும் உள்ளிருந்து தின்னும். 2006 இல் திறந்தபோது பிஸ்டன் இறுகியிருந்தது. பெயாரிங்குகள் குழிவிழுந்து கிடந்தன. மக்னீற்றோவின் கம்பிச்சுருள் பச்சை பூத்திருந்தது. இவ்வகை இயந்திரத்திற் பெற்றோலும் காற்றும் முதலில் அடிப்பெட்டிக்குட் புகுந்து அமுக்கப்பட்டே மேலேறும். ஆகவே அப்பெட்டி காற்றுப் புகாததாய் இருத்தல் வேண்டும். அரித்த இரு பாதிகளையும் மீண்டும் ஒட்டப் பொருத்துவதற்கே ஓராண்டு சென்றது. பெயாரிங்குகளையும் சீல்களையும் இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் தம் பெட்டியில் வைத்துக் கொணர்ந்தார். 2010 இல் ஒரு மாலை, கல்லடிப் பழைய பாலத்தின்மேல் அது மீண்டும் ஓடியது. தந்தையார் பாதையால் இறங்கி வரும் ஓசை அதுவே. அம்மா வாசலில் வந்து நின்றார்.

ஓட்டுவதும் எளிதன்று. இதற்குக் கியர் வலக்காலில், பிறேக் இடக்காலில். மறுநாள் புதுவண்டியேறிய எம் கால் குழம்பியது. ஆரையம்பதியில் நடுத்தெருவில் நின்ற பசுவை அணுகுகையில் பிறேக்கென்று எண்ணிக் கியரை மிதித்தோம். பசு விலகியது, அதற்கு எம்மினும் அறிவு அதிகம். 2022 இல் எரிபொருளட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்தபோது, எம் பாண்டம் அதற்குள் அடக்கமாகப் பள்ளிக்கூடம் போய் வந்தது. பதிவுக்கு வேண்டிய சட்ட இலக்கத்தைத் துருவின் அடியிலிருந்து மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தெடுத்தது தனிக்கதை.

இனி, 'ஒரிஜினல்' என்ற அச்சொல். பான்டத்துக்கு மூலம் யாது? ஜெர்மனியில் டீ.கே.டபிள்யூ. நிறுவனத்தார் போருக்கு முன் செய்த ஆர்.ரி. 125 என்னும் வண்டி. போர் முடிந்தபின் அதன் வரைபடங்கள் இழப்பீடாக வெற்றிபெற்ற நாடுகளின் கைக்குச் சென்றன. ஆங்கிலேயர் அதனை இடம்வலமாகத் திருப்பி 1948 இற் பான்டம் என வெளியிட்டனர். அமெரிக்காவில் ஹார்லியும், சோவியத்து நாட்டாரும் அவ்வடிவையே எடுத்தாண்டனர். யமஹாவின் முதல் வண்டியும், 1955 இல் வந்தது, அதன் வழித்தோன்றலே. மூலம் மூலம் என்று அன்பர் தேடியது ஒரு பாடபேதத்தை!

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். ஏடெழுதியோர் கைபட்ட வடுக்கள் இல்லையேல் நூலே எம் கைக்கு வந்திராது. பீப்பாத் தகட்டு மட்காட்டைக் கழற்றி எறிந்து இங்கிலாந்திலிருந்து ஒன்று தருவித்தால் விலை ஏறும், 1978 போய்விடும். ஆயினும் எல்லாவற்றையும் காத்தோம் என்றும் கூறோம். பழைய ஆறு வோல்ற் விளக்கின் ஒளி மின்மினிக்கே போதும், அதனை மாற்றினோம். உயிரைக் கொடுத்து மூலபாடம் காக்க வேண்டுவதில்லை. எப்பாகம் எவர் கையால், எவ்வாண்டில் என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வைத்துள்ளோம்.

அக்கொப்பியில் எழுதவியலாத ஒன்றுண்டு: பட்டறைப் பெரியவரின் விரல். பெயாரிங்கைச் சுழற்றிப் பார்த்தே அதன் ஆயுளைச் சொல்லும் விரல் அது. கண் மங்கிவிட்டது, பழகுவார் இலர். சனிதோறும் நம் மாணவர் இருவர் எம் வீட்டுக்கு வந்து அவரிடம் கற்கின்றனர். இருவர்தாம். யூபிலி நிதியில் அலங்கார வளைவொன்று கட்டும் பேச்சு நடப்பதாக அறிகிறோம். வளைவை யாம் வெறுக்கவில்லை. அப்பணத்தில் ஒரு கடைசல் இயந்திரம் வாங்கிக் கல்லூரியின் பின்கட்டில் நிறுத்தி, அப்பெரியவரை வாரம் இரு நாள் அழைத்து ஊதியமும் கொடுத்தால் என்ன என்றே பழைய மாணவரைக் கேட்கிறோம். அவர் இருக்கும்போதே கேட்கிறோம்.

வண்டியை விற்கவில்லை. கூரைக்கு வேறு வழி பார்த்தோம். இன்னும் ஓரிடத்தில் ஒழுகுகிறது. ஓகஸ்ற் விடுமுறையில் அடிப்பெட்டியை மறுபடி பிரித்து இடப்பக்கச் சீலை மாற்றவேண்டும். பெரியவர் வர இசைந்துள்ளார். பாண்டம் பிரிந்து கிடக்கும் ஆதலால், அவரை ஏற்றிவர யமஹா ஒன்றை இரவல் கேட்டுள்ளோம்.