மலை ஏறும் காரும் ஒரு கார்பன் தடமும்

கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது பெட்ரோல் கார் திக்கித் திணறினால், நம் ஆட்கள் முதலில் திட்டுவது பெட்ரோல் பங்க்கை. நான் த்ராட்டில் பொசிஷன் சென்சாரைத்தான் சந்தேகிப்பேன். பழைய வகைக்குள் பெரிய வித்தை ஏதுமில்லை: வளைந்த கார்பன் தடம், அதன்மேல் உரசி நகரும் உலோக விரல். பழைய ரேடியோவின் வால்யூம் திருகேதான். தடத்துக்கு 5 வோல்ட் போகும். என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலின் தண்டோடு விரலும் திரும்பும். மூடியிருந்தால் சுமார் 0.5 வோல்ட், முழுதும் திறந்தால் 4.5 வோல்ட் அளவுக்கு என்ஜினை ஆளும் கணினியான ஈசியூவுக்குச் செய்தி போகும். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க அதற்கு இதுவும் ஒரு கணக்கு. மலைச்சாலையிலோ கால் பாதி மிதியிலேயே ஆடிக்கொண்டிருக்கும். விரல் ஓயாமல் உரசும் அந்த இடம் முதலில் தேயும். அங்கே தொடர்பு அறும்போதுதான் கார் திணறுகிறது. அது அறுவது கண்ணிமைக்கும் நேரம்தான் என்பதால், கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஸ்கேனர் மாட்டினால் பல சமயம் பிழைக் கோட் எதுவும் காட்டாது. உடனே த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்வது அடாவடி. முள் ஆடும் பழைய மீட்டரை மாட்டி, சாவியை ஆன் செய்து, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்துங்கள். தேய்ந்த இடத்தில் முள் துள்ளும். காந்தத்தை வைத்து அளக்கும் புதிய ஹால் சென்சாரில் உரசலே கிடையாது, இந்தத் தொல்லையும் கிடையாது.